ஏழாம் வகுப்பில் மீண்டும் வாசிக்கத் தொடங்கிய என் மகன்

கதையைப் படித்துக் காட்டினால் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்லும் என் மகன், தானே படிக்கும்போது மட்டும் பாதி வரியில் நின்றுவிடுவான். ஆறாம் வகுப்பு முடியும்வரை அதை அக்கறையின்மை என்றே நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். வாசிப்பிலும் எழுத்திலும் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளுள் ஒன்று என்பது அரசு மருத்துவமனைக்குச் சென்ற பிறகுதான் தெரிந்தது. பார்வை, செவித்திறன், நுண்ணறிவு ஆகியவற்றைச் சோதித்த பின்னர், பெங்களூருவிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய தேர்வுத் தொகுப்பை வைத்து, அவனுக்குக் கற்றல் குறைபாடு உண்டு என்று சான்றிதழ் கொடுத்தார்கள். 14 வயதில் மறுமதிப்பீடு உண்டு என்றார்கள். சான்றிதழைக் காட்டினால் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும் என்றாலும் வாசிப்பு அதனால் வந்துவிடுமா?

பள்ளியில் முதலில் அவனிடம் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். நண்பர்கள் பார்த்துவிடக் கூடாதென்று அதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறையின் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் அந்தப் புத்தகத்தைத் தொடவே இல்லை. அவனுடைய சமூக அறிவியல் பாடத்தையே படிக்கச் சொல்லி, எங்கெங்கே தடுக்குகிறான் என்று குறித்துக்கொண்டார். ஒகரக் குறி எழுத்தின் இருபுறமும் நிற்பதால் 'கொடி'யைக் 'கெடி' என்று படித்தான்; 'பாடம்', 'கம்பம்' இரண்டிலும் பகரம் வெவ்வேறாக ஒலிப்பது அவனைக் குழப்பியது. இவை இரண்டு மாதங்களில் ஓரளவு சீரடைந்தன. உண்மையான மலை, மேல்வகுப்புப் பாடங்களில் வரும் நீண்ட சொற்கள். 'விரிவுபடுத்தப்பட்டிருந்தது' என்ற சொல்லைக் கண்டதும் முதலெழுத்தை வைத்து ஏதோவொன்றை ஊகித்துவிட்டு நகர்வான். ஆசிரியர் அவன் கையில் பென்சிலைக் கொடுத்து, 'விரிவு', 'படுத்த', 'பட்டு', 'இருந்தது' என்று கோடிட்டுப் பிரித்து, பிறகு சேர்த்துச் சொல்ல வைத்தார். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் இந்தப் பயிற்சி நடந்தது.

ஒரே பத்தியை மூன்று முறை படித்து, நிமிடத்துக்கு எத்தனை சொற்களைப் பிழையின்றிப் படித்தான் என்று கணக்கிடுவதும் அதில் உண்டு. கடிகாரத்தைப் பார்த்தாலே அவனுக்குக் கை நடுங்கியதால் நான் இதை எதிர்த்தேன். ஆசிரியரோ கடிகாரத்தை அவனிடமே கொடுத்துவிட்டார். அதன்பின் அவனே நேரம் பார்த்து வரைபடத் தாளில் புள்ளி வைக்கலானான். 31 சொற்களில் தொடங்கியவன் ஆறு மாதத்தில் 58ஐத் தொட்டான். வகுப்பின் வேகத்துக்கு அது இன்னும் குறைவுதான். எழுதும்போது லகர, ளகர, ழகரக் குழப்பமும் தீரவில்லை.

அடுத்த ஆண்டு அவனுக்கு 14 வயது நிறைகிறது. மறுமதிப்பீட்டுக்கான கோப்பில் அந்த வரைபடத் தாளையும் வைத்திருக்கிறேன்.