பொது ஃபோல்டர், பல பயனர்கள்: லினக்ஸ் சர்வரில் அனுமதி அமைத்த அனுபவம்

லினக்ஸ் சர்வரில் ஒரு ஃபோல்டரை நாலைந்து பேருக்குப் பொதுவாக்குவது சின்ன வேலை போலத்தான் தெரியும். இன்றைக்கு எல்லாருக்கும் திறக்கும். நாளைக்கு ஒருவர் போட்ட ஃபைலை இன்னொருவர் சேவ் செய்யப் போனால் 'பெர்மிஷன் டினைட்' என்று வந்து நிற்கும். அந்த அவசரத்தில் பலரும் 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். வெப் சர்வர் உட்பட அந்த இடத்தை எட்டக்கூடிய எந்த ப்ராசஸும் (ஓடும் புரோகிராமும்) அங்கே எழுதலாம், அழிக்கலாம் என்றாகிவிடும்.

நாங்கள் முதலில் ஒரு குரூப் உருவாக்கி, யூசர்மாட் கட்டளையால் ஆட்களைச் சேர்த்தோம். இதில் பெரிய 'ஜி'யோடு சின்ன 'ஏ'வும் வரவேண்டும். 'ஏ' விட்டுப்போனால், அவர் ஏற்கெனவே இருந்த மற்ற துணை குரூப்கள் எல்லாவற்றிலிருந்தும் பெயர் நீங்கிவிடும். சூடோ குரூப் அதில் இருந்தால் அட்மின் அதிகாரமும் சேர்ந்து போகும். சேர்த்த பிறகு அவர் லாக் அவுட் செய்து திரும்ப வரவேண்டும். ஒருவரின் குரூப்களைக் காட்டும் 'ஐடி' கட்டளையைப் பெயர் கொடுத்து அடித்தால் புது குரூப் தெரியும், பழைய செஷனில் பெயரில்லாமல் அடித்தால் தெரியாது. பாதிக் குழப்பம் இங்கேதான்.

அடுத்து ஃபோல்டரின் குரூப்பை மாற்றி, அனுமதியை மாற்றும் சிஹெச்மாட் கட்டளையில் 2770 போட்டோம் (770 என்றால் ஓனருக்கும் குரூப்புக்கும் முழு அனுமதி, மற்றவர்களுக்கு இல்லை). முன்னால் உள்ள 2 இருந்தால்தான் உள்ளே உருவாகும் ஃபைல்களுக்கும் அதே குரூப் வரும். அது மட்டும் போதாது. யூமாஸ்க் (புது ஃபைலில் எந்த அனுமதிகளைக் கழிப்பது என்று சொல்லும் எண்) 022 என்றிருந்தால் புது ஃபைல் 644 ஆகப் பிறக்கும். மற்றவர்கள் படிக்கலாம், எழுத முடியாது. அதனால் ஏசிஎல் எனும் கூடுதல் அனுமதிப் பட்டியலை அமைக்கும் செட்எஃப்ஏசிஎல் கட்டளையில் 'டி' சேர்த்து, குரூப்புக்கு டிஃபால்ட் அனுமதி கொடுத்தோம். டிஃபால்ட் இருந்தால் அங்கே யூமாஸ்க் செல்லாது. ஆனால் அது இனி வரும் ஃபைல்களுக்கு மட்டுமே. பழையவற்றுக்கு 'டி' இல்லாமல், பெரிய 'ஆர்' (உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும்) போட்டு ஒருமுறை ஓட்டவேண்டும். அப்போது இயக்க அனுமதியைக் குறிக்கும் 'எக்ஸ்' பெரிய எழுத்தாக இருக்கட்டும். சின்ன எழுத்து போட்டால் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்கூட எக்ஸிக்யூட்டபிள் ஆகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் தகராறு வந்தால் ஃபைல் எப்படி வந்தது என்று பாருங்கள். ஒரே டிஸ்க் பார்ட்டிஷனுக்குள் 'எம்வி' (இடமாற்றம்) செய்தால் பழைய குரூப், பழைய அனுமதியோடு அப்படியே வரும். 'சிபி' (நகல்) செய்தால் புது விதி பிடிக்கும். சில புரோகிராம்கள் எழுதி முடித்ததும் தாமே 600 (ஓனர் மட்டும் படிக்க, எழுத) போடும். அப்போது ஏசிஎல் மாஸ்க் (ஏசிஎல் தரும் அனுமதியின் மேல்வரம்பு) சுருங்கிவிடும். கெட்எஃப்ஏசிஎல் வெளியீட்டில் 'எஃபெக்டிவ்' என்று வரும் இடத்தைப் பாருங்கள், உண்மையில் எவ்வளவு அனுமதி மிஞ்சியிருக்கிறது என்று தெரியும். மேல் ஃபோல்டர் ஒன்றில் 'எக்ஸ்' இல்லாவிட்டாலும் உள்ளே நுழைய முடியாது. 'நேம்ஐ' கட்டளைக்கு 'எல்' கொடுத்தால் பாதை முழுவதையும் படிப்படியாகக் காட்டும்.

ஒருவர் குழுவை விட்டுப் போகும்போது குரூப்பிலிருந்து எடுத்தால் மட்டும் ஆகாது. அவருடைய திறந்த செஷன்கள் பழைய உரிமையோடுதான் ஓடும், அவற்றையும் முடித்துவிடவேண்டும். அவர் ஓனராக உள்ள ஃபைல்களை 'ஃபைண்ட்' மூலம் தேடி வேறொருவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.