வெள்ளிக்கு லாக்கர் பூச்சு: எங்கே பிசகுகிறது

வெள்ளி கறுக்கக் காற்றில் நிறையக் கந்தகம் வேண்டியதில்லை. நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான ஹைட்ரஜன் சல்ஃபைடே போதும். ஈரப்பதமும் சேர்ந்தால் வேகம் கூடும். முதலில் இளமஞ்சள், பிறகு பழுப்பு, ஊதாவும் நீலமும், கடைசியில் கருப்பு. வெள்ளி சல்ஃபைடு படலம் தடிக்கத் தடிக்க நிறம் இப்படி மாறும். அதைத் தேய்த்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெள்ளியும் கூடவே போகிறது. முலாம் பூசிய பொருளில் அடிஉலோகம் எட்டிப் பார்க்கும், முத்திரை மழுங்கும். காய்ந்ததும் ஒளிபுகும் படலமாக நிற்கும் லாக்கர் என்ற பூச்சைப் பூசுவதே இந்தத் தேய்ப்பைத் தள்ளிப்போடத்தான்.

ஆனால் எல்லா வெள்ளிக்கும் அது பொருந்தாது. உணவு படும் பாத்திரத்துக்கும், அடிக்கடி கைபடும் பொருளுக்கும் வேண்டாம். உராய்வில் பூச்சு விட்டுப்போகும், அரைகுறைப் பூச்சு பூச்சே இல்லாததைவிடத் தொல்லை. திறந்த வெள்ளி ஏறக்குறையச் சீராகக் கறுக்கும், துடைத்துவிடலாம். பூச்சில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் கருமை அதன் வழியே இறங்கி, அடியில் புழு ஊர்ந்த தடம்போல நெளிந்து பரவும். அந்த ஒரு தடத்துக்காகப் பூச்சு முழுவதையும் கழற்ற வேண்டிவரும்.

அருங்காட்சியக வேலையில் பழகிய பெயர்கள் அகட்டீன் 27, ஃப்ரிஜிலீன், பாரலாய்டு பி-72. முதல் இரண்டும் செல்லுலோஸ் நைட்ரேட். வழவழப்பாகப் படியும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஆண்டுகள் போகப் போக மஞ்சளிக்கும், சிதையும். தீப்பற்றக்கூடியது என்பதையும் மறக்கக் கூடாது. பி-72 அக்ரிலிக், நிறம் மாறாமல் நெடுநாள் நிற்கும். ஆனால் சமமாகப் பூச அதிகக் கைப்பழக்கம் கேட்கும். தூரிகைக்கு 100 மில்லி கரைப்பானில் 10 முதல் 15 கிராம் பி-72 மணிகள், ஸ்ப்ரேக்கு இன்னும் நீர்க்க. மணிகளைக் காஜ் துணியில் கட்டி ஜாடிக்குள் தொங்கவிட்டால் இரவோடு இரவாகக் கரையும். அடியில் கொட்டினால் ஒட்டிக் கட்டியாகிவிடும். அசிட்டோன் மட்டும் வைத்துப் பூசினால் தூரிகை நகர்வதற்குள் காய்ந்து கோடு விழும். மெதுவாக ஆவியாகும் கரைப்பானும் கலக்க வேண்டும். மெழுகு பூசுவது எளிது, ஆனால் அதன் பாதுகாப்புக் குறைந்த காலத்துக்குத்தான்.

எங்கள் கணிப்பில், பூச்சு கெடுவது பெரும்பாலும் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுப்பதற்கு முன்பே. கறையை வீழ்படிவுச் சுண்ணத்தூள் (நுண்ணிய கால்சியம் கார்பனேட்) குழம்பால் எடுக்கலாம். காய்ச்சி வடித்த நீரும் எத்தனாலும் சேர்த்துக் குழைத்து, பஞ்சுருண்டையால் மெல்லத் தேய்ப்பது. செதுக்குவேலையின் பள்ளத்தில் வேண்டுமென்றே விட்ட கருமையைத் தொடாதீர்கள், அது வேலைப்பாட்டின் பகுதி. முக்கி எடுக்கும் டிப் திரவங்களை நாங்கள் ஒதுக்கிவிடுவோம். அவை மேற்பரப்பை அரிக்கும், இடுக்கில் தங்கிப் பின்னால் கறை கிளப்பும். சுண்ணத்தூளும் இடுக்கில் தங்கும். ஈரத்தில் தெரியாது, காய்ந்ததும் வெள்ளையாக நிற்கும். அதன்மேல் லாக்கர் விழுந்துவிட்டால் நிரந்தரம். மூங்கில் குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி ஒவ்வொரு இடுக்கையும் துடைக்க வேண்டும்.

அடுத்தது எண்ணெய்ப்பசை. பாலிஷிலுள்ள மெழுகு, விரல் வியர்வை எல்லாம் அசிட்டோனில் கழுவிப் போக வேண்டும். பஞ்சில் அழுக்கு ஏறுவது நிற்கும்வரை புதிதுபுதிதாக மாற்றுங்கள். பிறகு தண்ணீர் விட்டுப் பாருங்கள். சுத்தமான வெள்ளியில் நீர் ஒரே தகடாகப் படரும், பசை இருந்தால் உடைந்து முத்துமுத்தாக நிற்கும். இதற்குப் பின் வெறுங்கை கூடாது. நைட்ரைல் கையுறை போடுங்கள், கந்தகம் சேர்ந்த ரப்பர் கையுறை வேண்டாம். மறந்துபோய்த் தொட்ட ஒரு விரல் சில மாதம் கழித்து ரேகை வரிகளோடு பூச்சின் அடியில் கறுத்து நிற்கும், யார் விரல் என்று சொல்லக்கூடிய அளவுக்கு. சுத்தம் செய்த அன்றே பூசிவிடுவது நல்லது.

உள்ளே கூடாக இருக்கும் பொருளுக்கும் பிசின் நிரப்பிய அடிப்பாகத்துக்கும் லாக்கரில் முக்குவது ஆகாது, கரைப்பான் உள்ளே புகுந்துவிடும். சமதளத்துக்குத் தூரிகை போதும். அகலமான மென்மயிர்த் தூரிகையை நிறைய நனைத்து ஒரே இழுப்பு, திரும்பிப் போகக் கூடாது. வளைவும் செதுக்கலும் இருந்தால் ஸ்ப்ரேதான். சுழலும் மேடையில் வைத்து, இடுக்குகள், பிறகு விளிம்புகள், கடைசியில் பரந்த பரப்பு என்று போகலாம். விளிம்பில் பரப்பிழுவிசையால் திரவம் பின்வாங்கிப் பூச்சு மெலியும். கிண்ணத்தின் வாய், பாதத்தின் சுற்று, குமிழின் நுனி முதலில் கறுப்பது அதனால்தான். அங்கே குறுக்கும் நெடுக்குமாக ஒரு கை கூடுதலாக ஓடட்டும். ஒரே கனத்த பூச்சைவிட இரண்டு மூன்று மெல்லியவை மேல், நடுவில் நன்றாகக் காய வேண்டும். ஒரு பூச்சில் விட்ட ஓட்டையை அடுத்தது மூடும்.

வானவில் நிறம் தெரிந்தால் பூச்சு மிக மெல்லிசு. ஆரஞ்சுத் தோல்போல மேடுபள்ளமானால் கன் தூரமாக இருந்தது, அல்லது கரைசல் கெட்டி. பாலாடைபோல வெளுத்தால் காற்றில் ஈரம் அதிகம்: கரைப்பான் விரைந்து ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்க, ஈரம் அதில் படிந்துவிடுகிறது. மழைநாளில் பூசாமல் இருப்பதே மலிவான தீர்வு. அறை ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். வெளியேற்றும் விசிறியும் கரைப்பான் ஆவிக்கான முகமூடியும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

பூசிய பொருளின் பதிவில் லாக்கரின் பெயர், செறிவு, கரைப்பான், தேதி நான்கும் எழுதி வையுங்கள். பின்னாளில் கழற்றுபவர் அதை வைத்துத்தான் தொடங்குவார். செல்லுலோஸ் நைட்ரேட்டும் பி-72-உம் அசிட்டோனில் கரையும். இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன், எப்பாக்ஸி வகைகள் கரையாது, ஆகவே மதிப்புள்ள வெள்ளியில் அவற்றுக்கு இடமில்லை. கழற்றும்போது முதல் அசிட்டோனிலேயே நிறுத்தினால், கரைந்த லாக்கர் மெல்லிய புகைபோல மறுபடி படியும். புது அசிட்டோனில் இன்னொரு முறை அலசிவிட்டுத்தான் அடுத்த பூச்சு.