பாஸ்வேர்ட் சரி, டெஸ்க்டொப் மட்டும் வராது

லினக்ஸில் பாஸ்வேர்டைப் பிழையாக அடித்தால் அது உடனே சொல்லிவிடும். சரியாக அடித்த பிறகு திரை ஒரு கணம் கறுத்து, மறுபடி அதே லொகின் பக்கத்துக்கே வந்து நின்றால் விஷயம் வேறு. நீங்கள் யாரென்று கணினி ஒப்புக்கொண்டுவிட்டது, அதற்குப் பிறகு டெஸ்க்டொப்பை எழுப்பப் போன இடத்தில்தான் ஏதோ செத்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் கொழும்பில் எத்தனை லாப்டொப்களை ஃபோர்மட் அடித்திருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். கடையில் கொடுத்தால் ஓஎஸ் திரும்பப் போட வேணும் என்பார்கள், இணையத்தில் தேடினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மேல் பழி போடுவார்கள். டிரைவராகவும் இருக்கலாம்தான், ஆனால் டிரைவர் கெட்டிருந்தால் பல நேரம் அந்த லொகின் பக்கமே ஒழுங்காக வந்திராது.

அண்மையில் வெள்ளவத்தையிலிருந்து சித்தியின் மகன் கோல் எடுத்தான். 'அண்ணா, பாஸ்வேர்ட் சரியாத்தான் அடிக்கிறன், திரும்பத் திரும்ப அதே இடத்துக்கே வருது. நாளைக்கு அசைன்மென்ட் குடுக்கோணும்.' அவனிடம் இருப்பது சுபுண்டு, உபுண்டு லினக்ஸின் ஒரு வகை. அதில் லொகினைக் கவனிப்பது லைட்-டிஎம் என்ற நிரல். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். கறுப்புத் திரையில் வெறும் எழுத்து லொகின் வந்தது, அதே பாஸ்வேர்டோடு உள்ளே போய்விட்டான். கோப்புகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன என்று கண்ணால் பார்த்ததும் அவனுடைய குரலே மாறிவிட்டது.

இரண்டு வழக்கமான காரணங்களை முதலில் தள்ளிவிட வேண்டும். டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று டிஎஃப் கட்டளை சொல்லும். உங்கள் கோப்புகள் எல்லாம் கிடக்கும் வீட்டுக் கோப்புறையில், திரைக்கான அனுமதிச் சாவியாக இருக்கும் .எக்ஸ்அதாரிட்டி கோப்பு, நிர்வாகிக் கணக்கான ரூட்டின் பெயருக்கு மாறியிருந்தாலும் இதே கூத்துதான், யாராவது சூடோ என்ற நிர்வாகி அதிகாரக் கட்டளையைப் போட்டு, திரையைக் காட்டும் எக்ஸை ஓடவிட்டிருந்தால் அப்படி நடக்கும். இவனிடம் இரண்டும் சரி. அப்புறம் டெஸ்க்டொப் எழும்பும்போது வரும் பிழைகள் பதிவாகும் .எக்ஸ்செஷன்-எரர்ஸ் கோப்பின் கடைசி வரிகளை வாசிக்கச் சொன்னேன். டெஸ்க்டொப்பைத் தொடங்கிவைக்கும் கட்டளைத் தொகுப்பான லைட்-டிஎம் செஷன் ஸ்கிரிப்ட்டின் பெயர், ஒரு வரி எண், பிறகு 'கான்ட் ஓப்பன்' (திறக்க முடியவில்லை), அதன் வாலில் அவனுடைய வீட்டுக் கோப்புறைக்குள் .கார்கோ, அதற்குள் என்வ். 'கார்கோவா? டிஸ்க்கில இடம் காணாது எண்டு அதை நான் அழிச்சுப்போட்டனே.'

அதுதான். .கார்கோ என்பது ரஸ்ட் என்ற நிரல்மொழியின் கோப்புறை. ரஸ்ட்டை நிறுவும்போது அதன் நிறுவி, லொகின் ஆகும்போது அந்த செஷன் ஸ்கிரிப்ட் படிக்கும் .புரொஃபைல் கோப்பில் ஒரு வரி எழுதிவைக்கும்: ஒரு புள்ளி, ஓர் இடைவெளி, பிறகு அந்த என்வ் கோப்பின் பாதை. அந்தக் கோப்பை எடுத்து இங்கேயே ஓடவிடு என்று பொருள். முறையாக நீக்கினால் அந்த வரியும் போகும். கோப்புறையைக் கையால் அழித்தால் வரி மட்டும் அநாதையாகக் கிடக்கும். நாம் டெர்மினலில் பாவிக்கும் ஷெல், அதாவது கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல், பாஷ். அது கோப்பைக் காணவில்லை என்று ஒரு வரி முணுமுணுத்துவிட்டு மேலே போய்விடும். ஆனால் லைட்-டிஎம்மின் செஷன் ஸ்கிரிப்ட்டை ஓட்டுவது பாஷ் இல்லை, டாஷ் என்ற இன்னொரு ஷெல். ஆள் முன்னால் இல்லாமல் ஓடும் ஷெல் ஒன்றில் புள்ளிக் கட்டளைக்குக் கோப்புக் கிடைக்காவிட்டால் ஷெல் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்பது போசிக்ஸ் என்ற பொதுத் தரத்தின் விதி. டாஷ் அதை அட்சரம் பிசகாமல் செய்கிறது. ஸ்கிரிப்ட் நின்றால் செஷனும் போச்சு, மறுபடி லொகின் பக்கம்.

உபுண்டு 2006இல் 6.10 பதிப்போடு ஸ்கிரிப்ட்கள் கூப்பிடும் எஸ்எச் என்ற பொதுப் பெயருக்குப் பின்னால் பாஷை எடுத்துவிட்டு டாஷை வைத்தது, உபுண்டுவின் மூலமான டெபியன் 2011இல் வந்த 6.0இல் அதே வழிக்கு வந்தது. டாஷ் சின்னது, வேகமானது, பூட் ஆகும்போது ஓடும் நூற்றுக்கணக்கான சிறு ஸ்கிரிப்ட்களுக்கு அது நல்ல முடிவுதான், அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. முறைப்பாடெல்லாம் .புரொஃபைலைப் பொதுச் சுவர் என்று நினைத்துக் கிறுக்கும் நிறுவிகள் மேலும், பாஷுக்கு எழுதியதை எங்கே ஒட்டினாலும் ஓடும் என்று சொல்லிக்கொடுக்கும் குறிப்புகள் மேலும்தான்.

எல்லாப் பிழையும் ஆளைக் கொல்லாது. 'சோர்ஸ்' என்ற கட்டளையோ (பாஷில் புள்ளிக்கு இன்னொரு பெயர்) இரட்டைச் சதுர அடைப்போ இருந்தால் டாஷ் அப்படியொரு கட்டளை இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகும், கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலான உங்கள் பாத் மட்டும் அரைகுறையாக நிற்கும். அடைப்புக்குறி போட்டு பாஷ் அரே (பட்டியல்) ஒன்று எழுதியிருந்தால் அது இலக்கணப் பிழை, அந்த இடத்திலேயே சமாதி. டெபியனின் எக்ஸ்செஷன் ஸ்கிரிப்ட் இன்னும் கறார்: எந்தக் கட்டளை தோற்றாலும் நிறுத்து என்ற அமைப்போடுதான் தொடங்குகிறது, அதனால் அது படிக்கும் .எக்ஸ்செஷன்ஆர்சியில் ஒரேயொரு 'சோர்ஸ்' இருந்தாலே வெளியே தள்ளிவிடும். க்னோம் டெஸ்க்டொப்பும் எக்ஸுக்குப் பதிலான வேலண்டும் சேர்ந்தால் கதை வேறு, அங்கே உங்கள் சொந்த லொகின் ஷெல்லே ஓடும், பாஷ் வழக்குகள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஃபிஷ் என்ற ஷெல் மேல் காதல் வந்து .புரொஃபைலில் 'எக்ஸெக் ஃபிஷ்' என்று எழுதியவர்கள் அங்கும் மாட்டுவார்கள், டெஸ்க்டொப்பைத் தொடங்க வேண்டிய ஷெல்லின் இடத்தில் ஃபிஷ் வந்து உட்கார்ந்து, செய்ய ஒன்றுமில்லாமல் எழும்பிப் போய்விடும்.

தம்பிக்கு நானோ என்ற எழுத்துத் திருத்தியில் அந்த வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டு அதை முடக்கச் சொன்னேன், டெஸ்க்டொப் வந்துவிட்டது. ரஸ்ட் திரும்பத் தேவைப்பட்டால், கோப்பு இருந்தால் மட்டும் படி என்று ஒரு நிபந்தனை சேர்த்துக்கொள்ளலாம். பாஷுக்கே உரிய சங்கதிகள் பாஷ் மட்டும் படிக்கும் .பாஷ்ஆர்சிக்குள் இருக்கட்டும். ஸ்கிரிப்ட்டில் இருக்கும் பாஷ் வழக்குகளையும் பிழைகளையும் காட்டித்தர செக்பாஷிசம்ஸ், ஷெல்செக் இரண்டும் நல்ல கருவிகள். டாஷின் மைனஸ் என் தெரிவு இலக்கணத்தை மட்டுமே பார்க்கும், காணாமல்போன கோப்பை அது கண்டுபிடிக்காது. அதனால் .புரொஃபைலில் கை வைத்த பிறகு லொக் அவுட் செய்ய முன் நான் செய்வது இது: டாஷுக்கு மைனஸ் சி கொடுத்து, அந்தக் கோப்பைப் படித்துவிட்டு 'சரி' என்று எக்கோ செய் என்று ஒரே வரியில் ஏவுவேன். 'சரி' என்று திரையில் வந்தால்தான் லொக் அவுட்.