மதகு ஒன்று, அலுவலகம் ஐந்து

மதகு, அதாவது வாய்க்காலுக்கு மேல் பாதை போகும் சின்னப் பாலம், என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். குறுக்கே படுத்தால் என் தலை ஒரு பக்கம், கால் மறுபக்கம், அவ்வளவுதான் அதன் நீளம். 2024 நவம்பர் கடைசி வெள்ளம் அதில் ஒரு பக்கத்தை அப்படியே கழற்றிக்கொண்டு போய்விட்டது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கள் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, போக இருக்கும் ஒரே பாதை அது. மழைக்குள் பசளை மூட்டையைத் தலையில் சுமந்து தண்ணீருக்குள் இறங்கி ஏறினோம், சரி, அது பழக்கமான வேலை. ஆனால் மாசியில் நெல் வெட்டும் மெசின் எப்படி உள்ளே வரும்? அந்தக் கேள்விதான் என்னை டிசம்பரில் வீட்டை விட்டுக் கிளப்பியது. மதகு முடிந்தது 2025 ஓகஸ்டில்.

நான் விவசாய அமைப்பின் செயலாளர், அதனால் கடிதம் எழுதுவது என் தலையில் விழுந்தது. ஜீஎஸ் (கிராம சேவகர்) தந்த கடிதம், படங்கள், வட்டைக்காரர் நாற்பது பேரின் கையெழுத்து எல்லாம் இரண்டே நாளில் தயார். முதல் பிழை அதற்குப் பிறகு நடந்தது. கொண்டுபோய்ப் பிரதேச செயலகத்தில் கொடுத்தேன்.

எங்களுக்கு டிஎஸ் ஒபிஸ்தான் அரசாங்கம். நிவாரணக் கொடுப்பனவு முதல் பிறப்புச் சான்றிதழ் வரை அங்கேதானே போகிறோம். அவர்களும் மரியாதையாக வாங்கி, தேதி முத்திரை குத்தி, என் பிரதியைத் திருப்பித் தந்தார்கள். ஒரு மாதம் கழித்துப் போனால், "இது எங்கட வேலை இல்ல தம்பி, உரிய இடத்துக்கு அனுப்பியிருக்கம்" என்றார்கள். எந்த இடம் என்று கேட்டால் அந்தக் கிளாக் லீவு.

இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு ஒரு மாதம் மிஞ்சியிருக்கும், ஆகவே நான் சொல்கிறேன். ஒரே ஊருக்குள் இரண்டு அரசாங்கம் ஓடுகிறது. கச்சேரி (மாவட்டச் செயலகம்), பிரதேச செயலகம், ஜீஎஸ், கமநல (விவசாய) சேவை நிலையம் எல்லாம் கொழும்பிலிருந்து வரும் நேர்க்கோடு, அதாவது மத்திய அரசு. பிரதேச சபை, மாகாண வீதித் திணைக்களம், மாகாண நீர்ப்பாசனம், வலயக் கல்வி அலுவலகம் எல்லாம் திருகோணமலையைத் தலைநகராகக் கொண்ட மாகாணப் பக்கம். 1987இல் 13ஆவது திருத்தம் வந்தபோது பிரித்தது இது. தேசிய நெடுஞ்சாலை தவிர்ந்த வீதிகளும் பாலங்களும் மாகாண நிரலில் இருக்கின்றன. பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் பெயரில் பாதி ஒன்று, எங்கள் ஊரில் மதிலும் ஒன்றுதான், ஆனால் இங்கே கொடுத்த கடிதம் அந்த மதிலைத் தாண்ட நாற்பது நாள் எடுக்கிறது. நான் கால்நடையாகப் போயிருந்தால் இரண்டு நிமிடம்.

வீதியிலும் ஒரு சாதி அடுக்கு இருக்கிறது. ஏ, பி என்று எழுத்து போட்டவை வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை: காத்தான்குடி, கல்முனை வழியாகப் போகும் ஏ4, செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் ஏ5, திருகோணமலைக்குப் போகும் ஏ15 இதெல்லாம். சி, டி என்றால் மாகாண வீதித் திணைக்களம். மிச்சமுள்ள ஊர் வீதி, ஒழுங்கை, வட்டைப் பாதை எல்லாம் பெரும்பாலும் பிரதேச சபை. அதிலும் குளக்கட்டு மேலே போகும் பாதை என்றால் குளம் யாருடையதோ அவருடையது. எங்கள் பாதைக்கு எழுத்தும் இல்லை, இலக்கமும் இல்லை. அப்போ பிரதேச சபைதான் என்று ஜனவரியில் அங்கே போனேன்.

அங்கேதான் எனக்கு இன்றும் ஆறாத இடம். வீதிகளுக்குப் பொறுப்பானவர் கடிதத்தை வாசிக்கக்கூட இல்லை, வீதியின் பெயரை மட்டும் பார்த்தார், பழைய பைல் ஒன்றைப் புரட்டினார், மூடினார். "இப்படி ஒரு வீதி எங்கட லிஸ்ட்ல இல்ல." இல்லையென்றால் யாருடையது? "மாகாண வீதியா இருக்கும்." இருக்குமா, இருக்கிறதா? அதற்கு அவர் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார். நான் மேசைக்கு முன்னால் கொஞ்ச நேரம் அந்த மூடிய பைலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கைநீட்டித் திறந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்தேன்.

சபையின் தலைவரான தவிசாளரிடம் முறையிடலாம் என்றால் அப்போது தவிசாளரே இல்லை. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது, அடுத்த தேர்தல் 2025 மே 6இல்தான் நடந்தது. இடையில் இருந்த இரண்டு வருடத்துக்கும் மேலாகச் சபையின் செயலாளர்தான் எல்லாம். சரி, மாகாண சபை உறுப்பினர் யாரையாவது பிடிப்போம் என்றால், கிழக்கு மாகாண சபையில் 37 கதிரை இருந்தது, 2017 செப்டெம்பர் 30ஆம் திகதியோடு அது கலைந்து இன்றுவரை தேர்தல் இல்லை. ஆளுநரும் பிரதம செயலாளரும்தான் நடத்துகிறார்கள். முன்பெல்லாம் ஒரு உறுப்பினர் போன் எடுத்தால் ஜேசீபி வரும், அது நல்ல முறை என்று நான் சொல்லவில்லை, ஆனால் போன் எடுக்க ஒரு ஆளாவது இருந்தார்.

மாகாண வீதித் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் நல்ல மனிதர்கள். வரைபடத்தை விரித்து விரல் வைத்துக் காட்டினார்கள், எங்கள் பாதை சியும் இல்லை டியும் இல்லை. பத்து நிமிட வேலை. வாசலுக்கு வரும்போது அங்கே காத்திருந்த ஒருவர், "தலைமை ஒபிஸுக்குப் போங்க, அங்க சொன்னா கீழ இறங்கும்" என்றார். நானும் நம்பினேன்.

விடியப்புறம் பஸ் ஏறி, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று ஏ15 முழுவதையும் எண்ணிக்கொண்டு திருகோணமலைக்குப் போய் இறங்கினேன். பஸ் காசு, சாப்பாட்டுக் காசு, ஒரு நாள் கூலி எல்லாம் போனது. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். உரியவர் அன்று கூட்டத்தில். பின்னேரம் மூன்று மணிக்கு இன்னொருவர் இரக்கப்பட்டுக் கடிதத்தை வாங்கி, மேல் மூலையில் பேனாவால் ஒரு வரி எழுதித் திருப்பித் தந்தார்: 'உரிய பிரதேச சபையின் ஊடாக அனுப்பவும்.' அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெருகல் வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

இதற்கிடையில் என் மச்சான் ஒரு புத்தி சொன்னார், கொழும்பில் மேலிடத்துக்கே எழுது என்று. எழுதினேன். அந்தக் கடிதம் அமைச்சுக்குப் போய், கச்சேரிக்கு வந்து, பிரதேச செயலகத்துக்கு இறங்கி, கடைசியில் எங்கள் ஜீஎஸ் ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்து என்னிடமே கேட்டார், "இங்க மதகு ஒண்டு உடைஞ்சிருக்காமே, உண்மையா?" அவர் கையில் இருந்த பைலுக்குள் அடியில் கிடந்தது, டிசம்பரில் அவரே கையெழுத்துப் போட்டுத் தந்த கடிதத்தின் பிரதி. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், வேறென்ன செய்ய.

வெட்டு வந்துவிட்டது. மெசின்காரர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வட்டைக்காரரிடம் ஏக்கருக்கு இவ்வளவு என்று சேர்த்து, பழைய ஹியூம் பைப் (கொங்கிறீட் குழாய்) இரண்டு வாங்கிப் போட்டு, மேலே மண்மூட்டை அடுக்கி, மூன்று லோட் கிறவல் மண் பறித்து, தற்காலிகமாக ஒரு வழி செய்தோம். மெசின் அதன் மேல் ஏறும்போது யாரும் பேசவில்லை. இறங்கியதும்தான் மூச்சு வந்தது. அடுத்த மழைக்கு அது நிற்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

திருப்பம் அன்றுதான் வந்தது. நெல் மூட்டை மேலே உட்கார்ந்திருந்த எங்கள் பழைய வட்டைவிதானை (வட்டை வேலைகளை மேற்பார்த்தவர்) என் புலம்பல் முழுவதையும் கேட்டுவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "அதுக்கு அந்தப் பேரில்ல மனே. முந்தி அதப் புளியடி வண்டிப்பாதை எண்டுதான் எழுதுற. கிராம சபைக் காலத்துல கிறவல் போட்டது, நான் கண்டிருக்கன்."

நாங்கள் எல்லாக் கடிதத்திலும் எழுதியது இப்போதைய பெயரை, அதாவது பத்து வருடத்துக்கு முன் ஒரு திட்டத்தில் நட்ட பலகையில் இருந்த பெயரை. கிராம சபைகள் 1981இல் இல்லாமல் போய், மாவட்ட அபிவிருத்தி சபைகள் வந்து, அதுவும் போய், 1988இல் பிரதேச சபைகள் வந்தன. ஆனால் வீதிப் பதிவேடு அப்படியே கைமாறிக்கொண்டு வந்திருக்கிறது. பலகை மாறியது, பதிவேடு மாறவில்லை.

இந்த முறை நேரில் போய்க் கெஞ்சவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கொடுத்தேன். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. ஆர்.டி.ஐ. 01 படிவம் இருக்கிறது, சாதாரணக் கடிதமும் போதும். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். ஒன்று கவனியுங்கள், 'எங்கள் வீதி உங்களுடையதா' என்று கேட்டால் 'இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நான் கேட்டது: இந்தக் கிராம சேவகர் பிரிவில் உங்கள் பதிவேட்டில் உள்ள எல்லா வீதிகளினதும் பெயர், நீளம், தொடங்கும் இடம், முடியும் இடம், பிரதியாக வேண்டும். கொடுத்ததற்கு ஏற்புச் சிட்டையையும் கையோடு வாங்கினேன். அது இல்லாமல் எந்த ஒபிஸிலும் எந்தக் கடிதமும் கொடுக்காதீர்கள், உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் இல்லையென்றால் நீங்கள் அங்கே போகவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டாவது வேலை நாளில் பதில் வந்தது. இரண்டாம் பக்கம், பதினோராவது வரி: புளியடி வண்டிப்பாதை. தொடங்கும் இடம் எங்கள் பிள்ளையார் கோயில் சந்தி, முடியும் இடம் வட்டை. அந்த வரியை மஞ்சள் பேனாவால் கோடிட்டு, போட்டோ கொப்பி எடுத்து, அதே மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அதே ஆள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப பேர மாத்தி எழுதியிருக்கிறீங்க" என்றார். பிழை என்னுடையதாம். வாயைத் திறக்காமல் செயலாளரின் அறைக்குப் போனேன்.

அதற்குப் பிறகு வேகம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்தார், இன்னொரு முட்டுக்கட்டையும் கண்டுபிடித்தார்: பாதை சபையுடையது, ஆனால் மதகுக்குக் கீழே ஓடும் வாய்க்கால் சபையுடையது இல்லை. அது எங்கள் சின்னக் குளத்தின் வாய்க்கால். 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாய்ச்சும் குளம் என்பதால் கமநலத் திணைக்களம், திரும்பவும் மத்திய அரசு. அவர்களுடைய ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் இல்லாமல் சபை வாய்க்காலில் கை வைக்காது. நல்ல காலம், கமநலத்தில் விவசாய அமைப்பின் செயலாளர் என்று என்னைத் தெரியும், ஒரு கிழமையில் கடிதம் கிடைத்தது. உங்களுக்கும் வாய்க்கால் மேல் மதகு என்றால் இரண்டு விண்ணப்பத்தையும் ஒரே நாளில் கொடுங்கள், ஒன்று முடிந்து மற்றதற்குப் போனால் ஒரு போகம் போய்விடும்.

மே தேர்தலுக்குப் பிறகு சபை கூடியது, எங்கள் வட்டார உறுப்பினர் முதல் பட்டியலிலேயே இதைச் சேர்த்தார், அவருக்கும் அந்த வட்டையில் மூன்று ஏக்கர் இருக்கிறது. ஓகஸ்டில் கொங்கிறீட் போட்டு முடிந்தது.

பக்கத்தில் ஒரு பலகையும் நட்டிருக்கிறார்கள், பதிவேட்டில் உள்ளபடியே: புளியடி வண்டிப்பாதை. போன கிழமை என் மகள் சைக்கிளை நிறுத்தி அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "புளிய மரம் எங்க அப்பா?" என்றாள். வட்டைவிதானையிடம் கேட்டேன். 1978 சூறாவளியில் விழுந்ததாம்.