ஷேர் ஃபோல்டர் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டே இருந்தால்

பின் நம்பர் போட்டால், நெட்வொர்க்கில் எல்லோரும் பயன்படுத்தும் ஷேர் ஃபோல்டர் திறக்காது. இந்த ஒரு வரியை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால், ஜிஎஸ்டி 3பி தாக்கலுக்கான 20ஆம் தேதி நெருங்கும்போது எங்கள் ஆபீஸே கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்காது.

நான் இருப்பது ஓர் ஆடிட்டர் ஆபீஸில். சர்வர் என்று நாங்கள் சொல்வது ஓரமாக வைத்திருக்கும் சாதாரண விண்டோஸ் 10 கம்ப்யூட்டரைத்தான். கிளையன்ட் ஃபைல்கள் எல்லாம் அதில். சர்வீஸுக்குப் போன அந்தப் பெட்டி, விண்டோஸை மறுபடி போட்டு, இமெயில் கணக்கும் பின் நம்பருமாகத் திரும்பி வந்தது. கூடவே சில புது விண்டோஸ் 11 ப்ரோ சிஸ்டங்களும் வந்தன. அன்றிலிருந்து எந்த சிஸ்டத்தில் ஃபோல்டரைத் தொட்டாலும் யூசர்நேம், பாஸ்வேர்ட் கேட்டது. பின் நம்பரைப் போட்டால் தவறு என்றது. அந்த நம்பர் அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து திறப்பதற்கு மட்டும்தான். நெட்வொர்க் வழியாக வருபவரிடம் விண்டோஸ் கேட்பது கணக்கின் உண்மையான பாஸ்வேர்டை. இமெயில் கணக்கைத் தொடங்கியது சர்வீஸ்காரர்கள்; அதன் பாஸ்வேர்டைக் கேட்டால் "நோட் பண்ணி வைக்கலையே சார்" என்றார்கள்.

போனில் அடுத்த வைத்தியம் வந்தது: "பாஸ்வேர்ட் புரொடெக்டட் ஷேரிங்கை ஆஃப் பண்ணிடுங்க, எல்லாம் சரியாயிடும்." செய்தோம். பழைய சிஸ்டங்களில் ஃபோல்டர் திறந்தது. புதியவை மட்டும் பாதுகாப்பு விதிகள் கெஸ்ட் அனுமதியைத் தடுக்கின்றன என்று மறுத்துவிட்டன. காரணம் எளிது. அதை ஆஃப் செய்தால், வருபவர் எல்லோரும் பாஸ்வேர்ட் இல்லாமல் நுழையும் கெஸ்ட் ஆகிவிடுகிறார்கள். விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பிலிருந்து கெஸ்ட்டாக நுழைவது இயல்பாகவே அடைபட்டிருக்கிறது. எஸ்எம்பி (விண்டோஸ் ஃபோல்டர்களை நெட்வொர்க்கில் பகிரும் முறை) சைனிங்கும், அதாவது ஒவ்வொரு தகவலிலும் கையெழுத்துப் போல ஒரு சரிபார்ப்பு வைப்பதும் கட்டாயம். பாஸ்வேர்டே இல்லாத கெஸ்ட் இணைப்பில் சைனிங் நடக்காது. "அப்படின்னா குரூப் பாலிசியில் அந்தத் தடையை எடுத்துடலாம் சார்" என்றார் போனில் பேசியவர். குரூப் பாலிசி என்பது விண்டோஸின் விதிகளை மாற்றும் இடம். கிளையன்ட்களின் பான், ஆதார் நகல்கள் கிடக்கும் ஃபோல்டரைத் திறந்த வீடாக விடவா? வேண்டாம் என்று போனை வைத்துவிட்டேன்.

இனி, எது வேலை செய்தது என்பது.

சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் போய், ஷேருக்கென்றே தனியாக ஒரு லோக்கல் யூசர் உருவாக்கினேன். அட்மின் அதிகாரம் தரவில்லை. பாஸ்வேர்டைக் காலியாக விட வேண்டாம். காலி பாஸ்வேர்ட் கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. 'பாஸ்வேர்ட் நெவர் எக்ஸ்பயர்ஸ்' டிக்கை மறக்கவே கூடாது. விட்டால் 42 நாளில் காலாவதியாகி, காரணமே புரியாமல் மறுபடி கேட்கத் தொடங்கும். ஃபோல்டரில் ஷேரிங், செக்யூரிட்டி என இரண்டு டேபிலும் அந்த யூசருக்கு அனுமதி தர வேண்டும். ஒன்றில் மட்டும் கொடுத்தால் திறப்பதோ சேமிப்பதோ ஏதாவது ஒன்று மாட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு சிஸ்டத்திலும் யூசர்நேமை வெறுமனே போடாமல், முன்னால் சர்வரின் பெயரும் பேக்ஸ்லாஷும் சேர்த்து அடித்து, 'ரிமெம்பர்' டிக் போட்டோம். திறந்தது. ஆபீஸில் டீ சொன்னோம்.

அடுத்த மின்வெட்டுக்கு அப்புறம் பாதி சிஸ்டங்கள் மறுபடி கேட்டன! எல்லாவற்றிலும் அல்ல, பாதியில் மட்டும் என்பதுதான் மண்டையைக் குடைந்தது. நம்பிக்கையோடு ஆளாளுக்கு பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இப்போதைய விண்டோஸ் 11ஐப் புதிதாகப் போட்ட சர்வராக இருந்தால், பத்துத் தவறான முயற்சிக்கு அந்தக் கணக்கே பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும்.

கேட்காத சிஸ்டங்களையும் கேட்கும் சிஸ்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. கேட்காதவற்றில் ஷார்ட்கட் சர்வரின் பெயரில் இருந்தது. கேட்டவற்றில் ஐபி எண்ணில், அதாவது நெட்வொர்க்கில் சர்வருக்குள்ள முகவரி எண்ணில் இருந்தது. மின்சாரம் போய் வந்ததில் ரவுட்டர் சர்வருக்கு வேறு எண் கொடுத்திருக்கிறது. விண்டோஸ் பாஸ்வேர்டை நாம் எந்தப் பெயரை அடித்தோமோ அந்தப் பெயரில்தான் சேமித்து வைக்கிறது. ஒரே பெட்டியானாலும் பெயர் ஒரு ஆள், எண் இன்னொரு ஆள். எண் மாறினால் அது மூன்றாவது ஆள்.

எனவே கண்ட்ரோல் பேனலில், சேமித்த பாஸ்வேர்டுகள் இருக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதியில் சர்வர் தொடர்பான பழைய பதிவுகள் எல்லாவற்றையும் அழித்தேன். சர்வரின் பெயரில் ஒன்றே ஒன்றைச் சேர்த்தேன். பழைய ஷார்ட்கட்களுக்குப் பதில் மேப் நெட்வொர்க் டிரைவ் (ஷேர் ஃபோல்டரை ஒரு டிரைவ் போலக் காட்டும் வசதி), அதுவும் பெயரைக் கொண்டே. ஒரு சிஸ்டம் மட்டும் 1219 என்ற பிழையைக் காட்டி முரண்டு பிடித்தது. ஒரே சர்வருக்கு இரண்டு யூசர்நேமில் இணைப்பு இருந்தால் வருவது அது. சைன் அவுட் செய்து திரும்ப நுழைந்ததும் போய்விட்டது. ரவுட்டரிலும் சர்வருக்கு நிலையான எண்ணை ஒதுக்கிவிட்டேன். இப்போது கரண்ட் போய் வந்தாலும் சத்தமே இல்லை.

பாஸ்வேர்ட் புரொடெக்டட் ஷேரிங்கை மறுபடி ஆன் செய்தாயிற்று. சர்வரில் அந்த ஷேர் யூசரின் பாஸ்வேர்டை என்றாவது மாற்றினால் எல்லா சிஸ்டத்திலும் அந்தப் பதிவையும் அன்றே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அவை பழையதையே அனுப்பிக்கொண்டிருக்கும்.

ஒன்று மட்டும் பாக்கி. எங்கள் பழைய ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்து நேராக ஷேர் ஃபோல்டரில் போட்டுவந்தது, இப்போது போடவில்லை. அதற்குத் தெரிந்தது எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1 மட்டும்தான். அதை சர்வரில் ஆன் செய்யச் சொல்லி யோசனை வந்தது. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியது அந்த எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதனால் ஆன் செய்யாமல், ஸ்கேன்களைப் பென்டிரைவில் எடுத்து வருகிறோம். புது மெஷினுக்கு ஆடிட்டர் சாரிடம் கேட்டிருக்கிறேன்.