மாரி வந்தபின் வரம்புக் கீரை

மாரி பிடித்துவிட்டால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் வெறும் தரையைப் பார்க்க முடியாது. மட்டக்களப்புச் சந்தையில் காசு கொடுத்துக் கட்டுக் கட்டாக வாங்குகிற பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் வாய்க்கால் ஓரம் சும்மா படர்ந்து கிடக்கும். இந்த மாரிக்கு நானே ஆய்ந்து சமைப்பது என்று இறங்கினேன். பக்கத்து வளவுப் பெரியம்மாதான் துணை. அவர் சரியென்று சொல்லாத இலையில் கை வைப்பதில்லை.

முதலில் பழகியது தகரை. மழைக்கு முளைத்த குருத்தைப் பூக்குமுன் ஆய வேண்டும். ஒரு காம்பில் மூன்று சோடிச் சிற்றிலை, நுனி வட்டமாக இருக்கும். அதே இடத்தில் பேயாவரையும் நிற்கும். அதற்கு நாலைந்து சோடி, நுனி கூர். அதன் விதை நஞ்சு, அந்தப் பக்கமே போவதில்லை. தகரைக் குருத்தைத் தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் போட்டுச் சுண்டினால் ஒரு சிறுகசப்பு வரும். வீட்டில் எனக்கு மட்டும்தான் அது பிடித்தது.

பொன்னாங்கண்ணி இவ்வளவு வேலை வைக்கும் என்று நினைக்கவில்லை. அலிகேட்டர் வீட் என்று ஒரு நீர்க்களை இருக்கிறது, இலை அப்படியே இதன் சாயல். பூவைப் பார்த்தால் பிடிபடும். பொன்னாங்கண்ணிப் பூ காம்பில்லாமல் இலைக்கக்கத்தில் ஒட்டியிருக்கும். களையின் பூ நீண்ட காம்பின் நுனியில் வெள்ளை உருண்டையாக நிற்கும், தண்டும் உள்ளே குழல். ஆஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கையர் பலர் பொன்னாங்கண்ணி என்று நம்பி அந்தக் களையை வளவில் வளர்த்திருக்கிறார்கள். ஆகவே பூ இல்லாத கொடியை நான் தொடுவதில்லை.

இலையைப் படித்துவிடலாம், இடத்தைப் படிப்பதுதான் கஷ்டம். பெரும்போகத்துக்கு விதைத்துக் கொஞ்ச நாளில் வயலுக்குக் களைகொல்லி அடிப்பார்கள். வரம்புக் கீரை தளதளவென்று வருவதும் அதே நாட்களில்தான். ஒரு வட்டையில், அதாவது வயல்வெளியில், வல்லாரைக்குக் குனிந்தபோது பெரியம்மா தூரத்திலிருந்தே சத்தம் போட்டார்: "மனே, அது மருந்தடிச்ச வரம்பு. விட்டுட்டு வா!" பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இப்போது வயற்காரரைக் கேட்காமல் எதையும் பறிப்பதில்லை. கேட்டால் அனுமதியும் கிடைக்கும், எப்போது மருந்தடித்தார் என்ற தகவலும் கிடைக்கும். ரோட்டோரம், நகரத்து வடிகான் ஓரம் இரண்டும் கணக்கிலேயே இல்லை.

இன்னொன்று எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீர் காலில் உள்ள சின்னக் கீறலில் பட்டாலே போதும், தொற்றிவிடும். அதனால் முழங்கால் வரை பூட்ஸ். வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடுவதென்றால் எங்கள் கிணற்றடியில் தானாக முளைத்ததை மட்டும்தான், அதையும் நன்றாகக் கழுவித்தான். பொடியாக அரிந்து தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், தேசிக்காய்ப்புளி சேர்த்துப் பிசைந்தால் சோறு கூடுதலாகவே இறங்கும்.

சாரணையை அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் சமைக்கிறேன். ஒக்சலேட் அதிகம், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் விட்டுவிடுவது நல்லது. முடக்கொத்தான் ரசத்தால் மூட்டுவலி போகுமென்று பெரியம்மா சத்தியம் செய்கிறார். எனக்கு மூட்டுவலி இல்லை, ரசம் நன்றாக இருந்தது.

அடுத்தது பாலைப்பழக் காலம். அதற்குக் காட்டோரம் போக வேண்டும், அங்கே யானை நடமாட்டம். தனியாகப் போவதாக இல்லை, ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.