பிஎச்டிக்குப் பேராசிரியரைப் பிடித்த கதை

இயந்திரப் பொறியியல் முடித்துக் கம்பஸில் தகுதிகாண் விரிவுரையாளராக நிற்கும் தம்பிமார் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சேர், பிஎச்டிக்கு எப்படி இடம் எடுத்தீங்க?" வகுப்புச் சித்தி, ஐஇஎல்டிஎஸ் எல்லாம் வாசல்வரைதான் கொண்டுபோகும். உள்ளே கூப்பிடுவது அந்தப் பேராசிரியர்.

"உங்கள் ஆய்வில் மிக்க ஆர்வமுடையவன்" என்று தொடங்கும் ஈமெயில்கள் அவர்களுக்குக் கட்டுக்கட்டாக வரும். நான் செய்தது, பாய்பொருள் இயக்கவியலில், அதாவது நீர், காற்று போன்றவை ஓடும் விதத்தை ஆராயும் துறையில், பிடித்துப்போன ஒருவரின் கட்டுரைப் பட்டியலை அடியிலிருந்து மேலே வாசித்தது. அடியில் இருப்பவை பழையவை. ஆரம்பத்தில் குழாய்க்குள் அருவிக்கோட்டுப் பாய்ச்சல் (குழம்பாமல் சீராக ஓடுவது) கொந்தளிப்பாக மாறுவது பற்றி எழுதியிருந்தார். பிற்பாடு, ஓடும் நீர் அடிமணலைக் கிளப்புவது பற்றி. மனிதர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்று தெரிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் என்னிடமும் ஒரு கேள்வி இருந்தது.

மாரியில் மட்டக்களப்பு வாவி நிரம்பி வயல்கள் நீரில் தாழும்போது பாலமீன்மடுப் பக்கம் கடலுக்கு முகத்துவாரம் வெட்டுவார்கள். சின்னதாகத் தோண்டிய வாய், தண்ணீர் பாயப்பாயத் தானே அகலும். அகல அகலக் கூடுதலாகப் பாயும். வாவி மட்டம் இறங்க வேகம் குறையும். கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து திரும்ப அடைக்கும். மணல் கிளம்புவதற்கான அந்தப் பேராசிரியரின் சூத்திரமோ மாறாத பாய்ச்சலுக்கு எழுதியது. அகலமும் மட்டமும் சேர்ந்து மாறும் இடத்தில் அது எதுவரை செல்லுபடியாகும் என்று கேட்டு அரைப் பக்கம் எழுதினேன். பதில் என் கடிதத்தைவிட நீளம்.

நேர்முகம் ஸ்கைப்பில். ரேனோல்ட்ஸ் 1883இல் வெளியிட்ட, கண்ணாடிக் குழாய்க்குள் சாயம் விட்டுச் செய்த பரிசோதனையில் பேராசிரியர் என்னைப் பிடித்தார். வேகம், குழாயின் விட்டம், நீரின் பிசுக்குமை மூன்றையும் சேர்த்துக் கணிக்கும் ரேனோல்ட்ஸ் எண் 2,000 அளவைத் தாண்டினால் கொந்தளிப்பு என்கிறார்களே, அது விதியா என்றார். இல்லை, நுழைவாயில் நீரைக் குழப்பாமல் விட்டால் 10,000 தாண்டியும் சாயக்கோடு கலையாது, குழப்பத்தின் அளவும் சேர்ந்துதான் தீர்மானிக்கும் என்றேன். அந்த எண்ணை மட்டும் பாடமாக்கியவர்கள் இங்கேதான் தடக்குப்படுவார்கள்.

இடம் கிடைத்த பிறகுதான் அலைச்சல். சம்பளத்தோடு படிப்பு விடுமுறை என்றால் பொண்ட் உண்டு, அதாவது திரும்பி வந்து வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம். திரும்பி வராவிட்டால் கட்டவேண்டிய தொகை பிணை நின்றவர் தலையில் விழும். களுவாஞ்சிகுடி மாமா கண்ணாடியைப் போட்டு வரிவரியாக வாசித்தார்.

"வருவாய்தானே மனே?"

"வருவன் மாமா."

அதற்குப் பிறகும் பேனையைத் திறக்க நேரம் எடுத்தார். குறை சொல்ல ஏலாது, தொகை அப்படி.

அங்கே போய் முதலில் செய்தது சல்லடையில் மணல் அரித்ததுதான். பிறகுதான் லேசர்: ஒளியை மெல்லிய தகடாக விரித்து, நீரில் நுண்துகள் தூவி, மில்லிசெக்கன் இடைவெளியில் இரண்டு படம் எடுத்து, துகள் நகர்ந்த தூரத்திலிருந்து வேகத்தைக் கணிப்பது. கேட்க வடிவாக இருக்கும். ஆனால் அடித்தளத்தில் ஒளி தெறிக்கும். எனக்கு வேண்டிய மணலோரத் தரவுதான் முதலில் கெடும்.

எழுதப்போகிறவர்களுக்கு: பரிந்துரை தருபவரின் பெயரைப் போடமுதல் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிணைக்காரரை, இடம் கிடைக்கும்வரை காத்திராமல், இப்போதே போய்ப் பாருங்கள்.